படத்தில் உள்ளபடி

மார்ச் 3

மேஸ்திரிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் நாலாவது வார்த்தையில் சண்டை வருகிறது, அதனால் கடிதம்.

ஜனவரியில் இந்த வெளிநாட்டு வேலை முடிந்து ஊர் திரும்புகிறேன். அம்மா எனக்குக் கொடுத்த மனையில் வீடு கட்ட வேண்டும். நான்கு வருடமாக இங்கே ஸ்பானிஷ் பாணி வீடுகள்தான் வரைகிறேன். அங்கே போலவே இங்கேயும் வெயில் கொளுத்தும். ஒன்றரை அடிச் சுவர், மேலே வெள்ளைச் சுண்ணாம்பு, தெருப்பக்கம் சின்னச் சின்ன ஜன்னல், நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் வளைவு வைத்த தாழ்வாரம். மத்தியானம் இரண்டு மணிக்கும் ஃபேன் இல்லாமல் உட்காரலாம். படம் இத்துடன்.

நீங்கள்தான் கட்ட வேண்டும். கணவராக உங்கள் மேல் எவ்வளவு கோபம் என்று உங்களுக்கே தெரியும். மேஸ்திரியாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே நிபந்தனை, படத்தில் உள்ளபடி கட்டுங்கள். நான் பத்து நாள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து நம் வீட்டு முற்றத்தைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டு, "ஒரு ரூம் சும்மா கெடைச்சுது பாரு" என்றீர்களே, அது இந்த வீட்டில் நடக்கக் கூடாது.

இன்ஜினியர்

மார்ச் 24

இன்ஜினியரம்மாவுக்கு,

படம் வந்தது. படுக்கையறை ஒன்றுதான் இருக்கிறது. உனக்கு மட்டும் என்று புரிந்துகொண்டேன். உன் மனை, உன் வீடு. கட்டித் தருகிறேன். கட்டில், மேசை, பூந்தொட்டி என்று என்னென்னவோ வரைந்திருக்கிறாய். நாங்கள் சுவரை மட்டும்தான் பார்ப்போம், மற்றதெல்லாம் உங்கள் பொழுதுபோக்கு.

கொத்தனார் பார்த்துவிட்டு, "என்ன மேஸ்திரி, வீடா ஜெயிலா?" என்றார். "அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். இதை ஐந்து வருடம் முன்னால் சொல்லியிருக்கலாம் என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.

முற்றம் மூடிய அந்த வீட்டில்தான் இன்னமும் இருக்கிறேன். கூடம் அடுப்பாகக் காய்கிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

மேஸ்திரி

ஏப்ரல் 19

இன்ஜினியரம்மாவுக்கு,

வேலையை நிறுத்தியிருக்கிறேன். கோபப்படாமல் படி.

நேற்றுச் சாயங்காலம் நாலு மணிக்கு அஸ்திவாரத்துக்கு நூல் கட்டி நின்றேன். வெயில் நேராக முகத்தில் அடித்தது. நான் நின்றது உன் படுக்கையறையின் பெரிய ஜன்னல் வரும் இடம். படத்தில் அது வடக்கு, மனையில் அது மேற்கு. வடக்கு காட்டும் அம்புக்குறியை மாற்றிப் போட்டிருக்கிறாய். இப்படியே கட்டினால் கட்டில் மேலேயே துணி காயப் போடலாம்.

மனை சதுரம்தான், நூலைத் திருப்பிக் கட்ட அரை நாள் போதும். கை பரபரக்கிறது. கொத்தனாரும், "திருப்பிட்டுப் போங்க மேஸ்திரி, அவங்களுக்குத் தெரியவா போகுது" என்கிறார். நீ சொல்லாமல் நூலைத் தொட மாட்டேன். ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டேன். பதில் போடு.

மேஸ்திரி

மே 8

மேஸ்திரிக்கு,

தப்பு என்னுடையதுதான். வேறு ஒருவருக்கு வரைந்த தாளின் மேலேயே நம் மனையை வரைந்தேன், அம்புக்குறியை மாற்ற மறந்துவிட்டேன். வெளியே சொன்னால் வெட்கம்.

நீங்களாகத் திருப்பியிருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் என்னைக் கேட்டுவிட்டு நீங்கள் செய்த முதல் காரியம் இது. ஆபீஸில் உட்கார்ந்து அழுதேன். கண்ணில் தூசி என்றேன், பக்கத்து மேசைக்காரி நம்பினாள்.

திருத்திய படம் இத்துடன். நன்றாகப் பார்த்துக் கட்டுங்கள்.

இன்ஜினியர்

நவம்பர் 30

இன்ஜினியரம்மாவுக்கு,

வீடு முடிந்தது. சாவி உன் அக்காவிடம் இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்குத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்த்தேன், சட்டை நனையவில்லை. கொத்தனார் அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டார்.

ஒன்றை மறைப்பானேன். திருத்திய படம் வந்தபோது ஒரு ஆசையில் பழையதையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சுவராகப் பார்த்தேன். படுக்கையறை அப்போதும் ஒன்றுதான். நீ சொன்னபடிதான் கட்டியிருக்கிறேன், ஓர் அங்குலம்கூடச் சேர்க்கவில்லை. நீ வரும்போது நான் வெளியூர் வேலைக்குப் போய்விடுகிறேன். உனக்குச் சங்கடம் வேண்டாம்.

மேஸ்திரி

டிசம்பர் 20

மேஸ்திரிக்கு,

சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான். இரண்டு படத்தையும் மறுபடி எடுங்கள். படுக்கையறைக் கட்டிலைப் பாருங்கள். பழையதில் மூன்றடி அகலம். மே மாதம் அனுப்பியதில் ஆறடி, தலையணை இரண்டு. எனக்கு அந்த அளவுக்கு உடம்பு போடவில்லை.

ஜனவரி பதினாறு காலையில் வருகிறேன். வெளியூர் வேலையை விட்டுவிடுங்கள். தச்சரிடம் கட்டிலுக்குச் சொல்லுங்கள். படத்தில் உள்ளபடி.

உங்கள் இன்ஜினியர்