ரீட்டா போட்ட மருந்து

குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு நனைந்து வருகிற என் ரீட்டா,

நீ போய் ஒரு வருடமாகிறது. இன்றைக்கு ஒரு செய்தி இருக்கிறது. உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் தப்புச் செய்ததும் உனக்குத்தான்.

ஞாபகமிருக்கிறதா? பயிருக்குத் தெளிக்கிற, பூஞ்சணத்தைக் கொல்லும் பங்கசுநாசினியையே தின்று தீர்க்கும் பூஞ்சணம் மண்ணில் இருக்குமா என்று நாம் இருவரும் தேடினோம். மருந்து கலந்த தட்டுகளில் உருளைக்கிழங்குத் தோட்டத்து மண்ணை இட்டோம். மாதக்கணக்கில் ஒன்றும் முளைக்கவில்லை. பிறகு ஒரு தட்டில் மட்டும் பச்சையாய்ப் படர்ந்தது.

"மருந்து போட மறந்திட்டாய், என்ன?"

"போட்டனான் அக்கா. சத்தியமாப் போட்டனான்."

நான் நம்பவில்லை. சோற்றுப் பார்சலையே மறக்கிறவள்தானே என்று நினைத்தேன். தட்டை அவித்துக் கொட்டினேன். ஆய்வுகூடக் கொப்பியில் 'ரீட்டா மருந்து போடவில்லை' என்று எழுதியும் வைத்தேன். என்ன அவசரமடி எனக்கு? அடுத்த மாதமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அதன்பிறகு கொட்டாஞ்சேனையில் உன் வீட்டுக்குப் போனபோது உன் அம்மா என் கையைப் பிடித்து, "வேலையில மட்டும் அவ ஒண்டையும் மறக்கமாட்டா, பிள்ளை" என்றார். வெள்ளவத்தை வரும்வரை பஸ்ஸில் அழுதேன்.

மறுநாள் ஆய்வுகூட ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் உன் ஜாம் போத்தல் அகப்பட்டது. உள்ளே அந்தத் தோட்டத்து மிச்ச மண். மறுபடி தொடங்கினேன். மருந்தை என் கையாலேயே அளந்து போட்டேன். எத்தனையோ தட்டுகள் வெறுமையாய்க் கிடந்தன. நான் விடவில்லை. கடைசியில் அதே பச்சை வந்தது.

"முளைச்சா மட்டும் காணாது. மருந்து பூஞ்சணத்தில சும்மா ஒட்டியிருக்கலாம்" என்றார் எங்கள் பொறுப்பாளர். செத்த பூஞ்சணத்தை ஒரு குடுவையிலும் உயிருள்ளதை இன்னொன்றிலும் இட்டு, இரண்டிலும் கலந்த மருந்து எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்தேன். செத்தது கொஞ்சம்தான் பிடித்துக்கொண்டது. உயிருள்ளதில் மருந்து குறைந்துகொண்டே போகிறது, ரீட்டா!

மருந்து உடைந்து என்னவாகிறது? அதைவிடக் கெட்ட நஞ்சாகுமோ? இன்னும் தெரியாது. தெரியும்வரை இந்தப் பூஞ்சணத்தை எந்தத் தோட்டத்துக்கும் கொடுக்க விடமாட்டேன், தேடுவதை நிறுத்தவும் மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

இன்று அந்தப் பழைய கொப்பியைத் திறந்தேன். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். பிழையை அழிக்கக்கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். இழுத்தேன். 'ரீட்டா மருந்து போட்டாள். பிழை என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கோட்டுக்குக் கீழே பழைய வரியும் தெரிகிறது. தெரியட்டும்.

சண்டையிலும் நீ அக்கா என்றே கூப்பிட்ட,
உன் சுமதி அக்கா
வெள்ளவத்தை