மிதிபலகைக்கு இரண்டாம் பூச்சு

பிப்ரவரி 4, புதன்

வீட்டில் ஒரே புளிச்ச வாடை. குப்பையை வெளியே போடலைன்னு என் வீட்டுக்காரர் மோகனராஜைத் திட்டிக்கொண்டே இருந்தேன். பாவம் மனுஷன். வாடை என் போர்டிலிருந்து வருது.

தைப்பூச ரதம் வந்த அன்றைக்கு ஆன வேலை. ரோடு முழுக்கத் தேங்காய் உடைச்சு, கணுக்கால் அளவுக்குத் தண்ணி ஓடுது. தண்ணீர்ப் பந்தலுக்கு ஐஸ் கொண்டு போறேன்னு இந்த ஒத்தச் சக்கர மின்சாரப் போர்டில் அதுக்குள்ளேயே சர்ருன்னு போனேன். ஜனம் வாயைப் பிளந்து பார்த்துச்சு. அதுக்குத்தானே போனேன்!

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மர மிதிபலகை. முன்பலகைக்கு அடியில் சென்சார்: கால் வைத்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். அந்தப் பலகையின் ஓரத்தில்தான் வார்னிஷ் உரிஞ்சு மரம் தெரியுது. மழைத்தண்ணியே ஆகாது, நான் தேங்காய்த் தண்ணியில் குளிப்பாட்டியிருக்கேன்.

"கழட்டி, உள்ள துடைச்சு, நல்லாக் காயவிட்டு அப்புறம் பூசு லா" என்கிறார் மோகனராஜ். பிறையில் ஒரு ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிறவர். அவருக்கு எதைப் பார்த்தாலும் கழட்டணும்.

பிப்ரவரி 5

கழட்டலை. கழட்டினால் ஒரு வாரம் ஓட்ட முடியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓரமெல்லாம் வார்னிஷ் அடித்தாச்சு. வாடை போயிடுச்சு.

பிப்ரவரி 8

"ஏய், கண்ணாடி மாதிரி மின்னுதுடீ!" — ஹமீதா. கீழ்மாடி வீடு. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகவே இருக்கிறோம், கல்யாணமாகியும் ஆயர் ஈத்தாமில் ஒரே ஃபிளாட்டுக் கட்டடம். அவளுக்கும் அவள் வீட்டுக்காரர் சிக்கந்தர் அண்ணனுக்கும் இந்த வருஷம் ஹஜ்ஜுக்கு முறை வந்திருக்கு. எத்தனை வருஷக் காத்திருப்பு! அங்கே நிறைய நடக்கணுமாம். அதனால் காலையில் கார் பார்க்கைச் சுற்றிச் சுற்றி நடக்கிறாள். வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னால் நானும் போர்டில் பக்கத்திலேயே போறேன். நடக்கிறது அவள், பேசுறது நான்.

மார்ச் 24

நோன்பு, ஹரி ராயாப் பெருநாள் எல்லாம் முடிந்து ஹமீதா மறுபடி நடக்க ஆரம்பிச்சாச்சு.

போர்டுக்கு என்ன கேடோ. பலகை ஓரத்தில் வார்னிஷ் கொப்புளம் கட்டியிருக்கு. அமுக்கினால் உள்ளே நகருது. நேற்று இறங்கின பிறகும் சக்கரம் ஒரு தடவை துள்ளிச்சு. மோகனராஜிடம் சொன்னால், "ஓட்டாதே. சென்சார்ல தண்ணி. கால் எடுத்தாலும் அதுக்குத் தெரியாது" என்று ஒரே சத்தம். எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. கொப்புளத்தைக் குத்தி அமுக்கி, மேலேயே இரண்டாவது பூச்சு அடித்தேன்.

பார்க்க அழகாத்தான் இருக்கு.

மார்ச் 29, ஞாயிறு

இறங்கினேன். ரெண்டு காலும் தரையில. சத்தியமா ரெண்டு காலும் தரையில! அது நிக்கல. முன்னால நடந்து போயிட்டிருந்தா ஹமீதா. திரும்பக்கூட இல்ல. கத்துறதுக்குள்ள போய் இடிச்சிருச்சு. அந்தச் சத்தம் — ஐயோ, எழுத முடியல.

மார்ச் 30

கணுக்கால் எலும்பு ரெண்டு இடத்தில் முறிவு. ஆபரேஷன் பண்ணித் தகடு வைக்கணும்.

நேற்று சிக்கந்தர் அண்ணே கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். நான் வாயைத் திறக்கறதுக்குள் ஹமீதாவே சொல்லிட்டாள்: "வழுக்கிட்டேங்க. கார் பார்க்ல ஒரே ஈரம்." அவர் நகர்ந்ததும் என் கையைப் பிடித்து, "இப்ப சொன்னா ஆஸ்பத்திரியவே ரெண்டு பண்ணிடுவார். கோவம் அடங்கட்டும். அவரு ஹஜ்ஜுக்குக் கிளம்புறதுக்குள்ள நேரம் பார்த்து நீயே சொல்லிடு" என்றாள்.

சொல்றேன்னு தலையாட்டினேன்.

ஏப்ரல் 2

இன்றைக்குத்தான் பலகையைக் கழட்டினேன். மரம் உப்பி, கறுத்து, கொழகொழன்னு. தேங்காய்த் தண்ணி எங்கேயும் போகலை. நான் அடித்த வார்னிஷ்தான் அதைப் பிடித்து வைத்திருக்கு. மோகனராஜ் பக்கத்திலேயே நின்று டார்ச் பிடித்தார். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

ஏப்ரல் 17

இந்த வருஷம் ஹமீதா போக முடியாது. டாக்டர் முடிவாச் சொல்லிட்டார். அடுத்த வருஷம் கிடைக்குமா, யாரும் உறுதி சொல்லலை. பெட்டியில் வைத்திருந்த வெள்ளை உடுப்பை எடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னாள். நான்தான் வைத்தேன். இந்தக் கையால.

அண்ணே தனியாப் போகமாட்டேன் என்றார். அவள் விடலை, நீங்களாவது போய்த்தான் ஆகணும்னுட்டாள்.

தினமும் சூப் வைத்துக் கொண்டு போறேன். "நீ இல்லாட்டி நாங்க ரொம்ப சூசா, கஷ்டப்பட்டுப் போயிருப்போம் ரமணி" என்கிறார் அண்ணே.

ஏப்ரல் 19

சொல்லணும்.

ஏப்ரல் 26

அண்ணே கடைக்கே போனேன். கூட்டமா இருந்தது. கூட்டமா இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேனா?

மே 3, ஞாயிறு

ஹஜ்ஜுக்குப் போறவங்க தெரிந்தவங்க எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் கிளம்புவாங்க. தெரியும். ஆனாலும் எங்க வீட்டு வாசலில் நிற்பார்னு நான் நினைக்கலை. ஊன்றுகோலோடு ஹமீதாவும் கூடவே மாடி ஏறி வந்திருந்தாள்.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் மனசு நோக நடந்திருந்தா மன்னிச்சிடுமா. அந்தப் போர்டை வெச்சு உன்னை எவ்வளவு கிண்டல் பண்ணியிருப்பேன். அதுக்கும் சேர்த்து மன்னிச்சிடு."

கண்ணு கலங்கி நிற்கிறார். மோகனராஜ் தரையைப் பார்க்கிறார். ஹமீதா என்னைப் பார்க்கிறாள். இப்பவாவது சொல்லுடின்னு அந்தப் பார்வை. இதைவிட நல்ல நேரம் எனக்கு எங்கே கிடைக்கும்?

"மன்னிச்சிட்டேன் அண்ணே" என்றேன்.

மே 4

சூப் கொண்டு போனேன். ஹமீதா கதவை முழுசாத் திறக்கலை.

"கால் போனதுகூட எனக்குப் பெரிசா தெரியல ரமணி. என் புருஷன் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டு நிக்கிறாரு. நீ அதையும் வாங்கிக்கிட்டியே."

சூப்பைத் திருப்பி எடுத்து வந்தேன்.

மே 9

அண்ணே கிளம்பிட்டார். மேலே ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

ஜூன் 21, ஞாயிறு

அண்ணே நல்லபடியாத் திரும்பி வந்துட்டார். ஜம்ஜம் தண்ணியும் பேரீச்சம்பழமும் கொண்டு வந்து கொடுத்து, "அங்க உன் பேரைச் சொல்லி துஆ கேட்டேன்மா" என்றார். ஹமீதா இன்னும் அவரிடம் சொல்லலை போல. நானும்தான்.

அவள் இப்போது கோல் இல்லாமல் நடக்கிறாளாம், கார் பார்க்கைச் சுற்றி, முன்னே மாதிரியே. மோகனராஜ் லீவு நாளில் பார்த்திருக்கிறார். காலையில் எத்தனை தடவை எட்டிப் பார்த்தேன், என் கண்ணில் படவே இல்லையே என்றேன். அவர் போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு சொன்னார், "நீ வேலைக்குப் போனப்புறம்தான் இறங்குறா."