முழங்காலில் எடுத்த நீர்

மார்ச் 3, செவ்வாய்
நான் திருட்டுத்தனமாகக் கறி தின்னவில்லை. முதலில் அதை எழுதி வைக்கிறேன். வலது முழங்கால் மறுபடி வீங்கிச் சுடுகிறது. மருமகள் என் மகனிடம், "அத்தை நமக்குத் தெரியாம ஏதோ சாப்பிடறாங்க. இல்லன்னா மாத்திரை போட்டும் ஏன் வருது?" என்கிறாள். குடும்ப மருத்துவர் சொன்னபடி நான்கு மாதமாகக் கறி இல்லை, மீன் இல்லை, பருப்புகூட இல்லை. கான்வென்டில் பத்து வருஷம் படித்தேன். பொய்க்காக முட்டி போட்டது ஒரே ஒரு முறை.

மார்ச் 7, சனி
ஃபிரிட்ஜில் கறி டப்பாவின் மூடியில் ஒட்டுத்தாள். திறந்தால் கிழியுமாம். எனக்குப் பொறி!

மார்ச் 9, திங்கள்
குடும்ப மருத்துவர் முழங்காலைத் தொடவே இல்லை. இரத்த அறிக்கையைப் பார்த்தார். "யூரிக் ஆசிட் கொஞ்சம் கூடுதல். கௌட்தான், அந்த ஆசிட் மூட்டுல படியற வாதம். வாயைக் கட்டணும்மா." கோப்பில் அவர் எழுதியதைத் தலைகீழாகவே படித்தேன்: 'உணவுக் கட்டுப்பாட்டை மீறுகிறார். நினைவாற்றல் ஐயம்.' நினைவாற்றலா? எனக்கா? யார் ஓதியது?

மார்ச் 10, செவ்வாய்
மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு போனில்: "அத்தைக்கு இப்ப சொல்ல வேணாம். சொன்னா வரமாட்டாங்க." எங்கே வரமாட்டேன்? முதியோர் இல்லத்துக்கா? கேட்கமாட்டேன்.

மார்ச் 12, வியாழன்
மூட்டு நோய் நிபுணரிடம் கூட்டிப்போகத்தான் அந்த ரகசியம். டாக்டரம்மா முழங்காலை அழுத்திப் பார்த்தார். "நீர் எடுத்துப் பார்க்காமலே கௌட்னு யாரு சொன்னது?" ஊசியில் கலங்கல் மஞ்சளாக வந்தது. மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடச் சொல்லவில்லை. ஆனால் இது பாசமா, குற்ற உணர்வா?

மார்ச் 14, சனி
கௌட் இல்லை. கிருமியும் இல்லை. நுண்ணோக்கியில் தெரிந்தவை கால்சியம் படிகங்கள். வயதானவர்களின் மூட்டில் சேருமாம். "நீங்க எதைச் சாப்பிட்டாலும், சாப்பிடாட்டாலும் இது வரும்மா." டாக்டரம்மா இப்படிச் சொல்லிவிட்டு மூட்டுக்குள் ஒரு ஊசி போட்டார். இரண்டு நாள் ஓய்வு. பழைய மாத்திரை நிறுத்தம்.

மருமகள் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வாசலில், "உங்களையே ஒரு தடவை கேட்டிருக்கலாம் அத்தை" என்றாள்.
"கேட்டிருந்தா கத்தியிருப்பேன்" என்றேன்.

மார்ச் 17, செவ்வாய்
வீக்கம் வடிந்தது. குடும்ப மருத்துவருக்கு எழுதிய கடிதத்தின் நகல்:

'ஐயா, நிபுணரின் அறிக்கையை இணைத்துள்ளேன். என் கோப்பில் தாங்கள் எழுதிய இரண்டு வரிகளும் தவறு. அவற்றை அடித்து, பக்கத்தில் கையொப்பமிடவும்.'

மருமகளிடம் படிக்கக் கொடுத்தேன். பேனாவை வாங்கி அவளே கீழே எழுதினாள்: 'அப்படிச் சொன்னது நான்தான். நான் எதையும் கண்ணால் பார்க்கவில்லை.'

அதற்குக் கீழே நான் முடித்தேன்: 'தங்கள் பதிலை எழுத்தில் தரவும்.'