அவன் சொன்னதை நான் சொன்னேன்

6 பெப். 96, செவ்வாய்

மன்னிக்கவேணும், இதை எழுதி வைப்பதே சரியில்லை. சொல்ல வேறு ஆளில்லை.

பனி. பஸ் தாமதம். தம்பி இருக்கும் சிகிச்சை நிலையத்தில் குடும்பக் கூட்டம். அப்பா அம்மாவுக்குப் பிரெஞ்சு போதாது. வழக்கம்போல மொழிபெயர்க்க நான். சித்தியின் மகள்மீது செய்த பாலியல் வன்முறையை இன்று அவன் பெற்றோர் முன் தன் வாயால் ஒப்புக்கொள்ளவேண்டும். அவனுக்குப் பதினைந்து வயது. தலை நிமிராமல், பிரெஞ்சில் சொன்னான். தமிழில் அவனிடம் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும்தான் சொற்கள். ஆலோசகர் என்னிடம்: பூசி மெழுகாமல், அவன் சொன்னபடியே. அவன் "நான்" என்றால் நீங்களும் "நான்".

சொன்னேன். "அவள் அழுதவள். நான் நிப்பாட்டேல்லை. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு வெருட்டினனான்."

அப்பா எழும்பி வெளியே போனார். போகும்போது பார்த்தது என்னை.

7, புதன்

அம்மா, பருப்புக் கழுவியபடி: "குமர்ப்பிள்ளை, தேப்பன்ர முகத்துக்கு நேர அதைச் சொல்ல உனக்கு வாய் கூசேல்லையே?"

அது அவன் சொன்னது என்றேன். கேட்டது உன்ர குரல்தானே என்றா அம்மா.

வாங்க: பால், மெட்ரோ டிக்கெட், தம்பிக்குக் காலுறை.

9, வெள்ளி

கடும் குளிர். அப்பா டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்கும் வேலையால் வந்து நேரே அறைக்குள். என் பட்டமளிப்புப் படத்தை அங்கே எல்லாருக்கும் காட்டித் திரிந்தவர். நான் வைக்கும் தேத்தண்ணி ஆறிக் கிடக்கிறது. அம்மா வைத்தால் குடிக்கிறார். தம்பியோடு போனில் கதைக்கிறார். சாப்பிட்டியோ, குளிருதோ.

சித்தி எங்களுக்குக் கதவு திறப்பதில்லை. பிள்ளை தனியப் படுக்கிறதில்லையாம்.

11, ஞாயிறு

வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாமா என்று அம்மாவிடம். "இன்னொரு தமிழாளை இருத்தி வச்சோ இதைக் கதைக்கிறது? பேந்து பார்க்-எக்ஸ் தமிழ்ச்சனம் எல்லாருக்கும் தெரிஞ்சிடும்." உண்மைதான்.

செவ்வாய் அடுத்த கூட்டத்துக்கு அப்பா வரமாட்டாராம். அவர் இல்லாமல் அம்மாவும் இல்லை. பெற்றோர் வராவிட்டால் அவன் திரும்ப வாயை மூடிவிடுவான் என்கிறார் ஆலோசகர். அவனை வெறுக்கவும் முடியவில்லை, பக்கத்தில் இருக்கவும் முடியவில்லை.

12, திங்கள்

நாளைக்குக் கூட்டம். அப்பாவின் சப்பாத்தில் பனிக்குத் தூவும் ரோட்டு உப்பு, துடைத்து வைத்தேன். பார்த்தார். பழையதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

கதவடிவரை பின்னால் போனேன். கேட்க நினைத்தது இவ்வளவுதான்: நாளைக்கு வாங்கோ அப்பா. அவன் சொல்லுறதைத் திரும்பவும் நான்தான் சொல்லவேண்டி வரும். அப்ப என்னைப் பாக்காதையுங்கோ. அவனைப் பாருங்கோ.