வேலியில் தொங்கிய பன்றிக்கறி

மேல்வீடு,
ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா ஆல்தியா,

நான் நலம். காலை ஆறு மணிக்கே உன் புகைபோக்கியில் புகை தெரிவதால் நீயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கரடிகள் குளிர்காலத் தூக்கம் கலைந்து இறங்கும் காலம் என்று, இந்த வெர்மான்ட் மலையில் எல்லோரும் ஒன்றாம் தேதியே பறவைத் தீனித் தட்டுகளை இறக்கிவிட்டார்கள். உன் ஆப்பிள் மரத்தில் மட்டும் இன்னும் சூரியகாந்தி விதை தொங்குகிறது. நேற்று ஒரு தாய்க்கரடி இரண்டு குட்டிகளோடு அதன் அடியில் உட்கார்ந்து, அழைப்பிதழ் வைத்துக் கூப்பிட்டதுபோல நிதானமாகச் சாப்பிட்டது. அங்கிருந்து என் கோழிக் கொட்டில் நூற்றைம்பது அடி. ஒரு பந்தி முடிந்து அடுத்த பந்திக்கு எழுந்து போகிற தூரம்.

என்னிடம் பதினொரு கோழிகள் இருக்கின்றன. அவை பதினொன்றாகவே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. தட்டை இறக்கிவிடு.

உன் தம்பி,
ஆரின்

கீழ்வீடு,
ஏப்ரல் 11

அன்புள்ள தம்பி,

நூற்றைம்பது அடி நடந்து வந்தே சொல்லியிருக்கலாம். ஊர்க்கூட்டத்தில் என் நூலகத் தீர்மானத்துக்கு எதிராக நீ கை தூக்கி, நம் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் கூச்சம் போகவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, உன் கையெழுத்து திருந்தியிருக்கிறது.

தட்டை இறக்கிவிட்டேன். சிட்டுகள் ஜன்னலுக்கு வெளியே நின்று என்னைப் பார்க்கும் பார்வையை உனக்கு எழுதப் போவதில்லை.

ஆனால் கடைக்கார மேவிஸ் ஒன்று சொன்னாள். "ஒங்க தம்பி மூணு பொட்டலம் பன்றிக்கறி வாங்கிட்டுப் போறாருக்கா. என்ன, வீட்ல விருந்தான்னு கேட்டா, 'கரடிக்கு'ங்கறாரு!" குருவிக்கு விதை போட்டால் குற்றம், கரடிக்குக் கறி போட்டால் தர்மமா? விளக்கம் தேவை.

அக்கறையுடன்,
அக்கா

மேல்வீடு,
ஏப்ரல் 13

அக்கா,

அது விருந்தில்லை, பாடம். கொட்டிலைச் சுற்றி ஐந்து கம்பியில் மின்வேலி போட்டிருக்கிறேன். கரடிக்கு ரோமம் அடர்த்தி; உடம்பு உரசினால் உறைக்காது. மூக்கிலும் நாக்கிலும்தான் உறைக்கும். அதனால் கம்பியில் கறித்துண்டைக் கட்டித் தொங்கவிட வேண்டும். நக்கும், சுரீரென்று வாங்கும், ஓடும். சாகாது. அப்புறம் அந்தப் பக்கமே வராது. துப்பாக்கியை எடுக்காமல் கோழி வளர்க்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

சின்னப் பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள். நூலகம் கிடையாது.

ஆரின்

கீழ்வீடு,
மே 9, மாலை

அன்புள்ள ஆரின்,

நீ தேவாலய விருந்துக்குப் போயிருந்தபோது உன் பள்ளிக்கூடத்தை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மாணவன் தாய் இல்லை, குட்டி. இரண்டில் சின்னது. அது கத்திய கத்தல் அப்படியே கைக்குழந்தையின் அழுகை. தாய் அதை முகர்ந்து முகர்ந்து பார்த்து, காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போயிற்று.

அவை போனபிறகு மேலே வந்து, கொட்டில் சுவரில் உள்ள பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டேன். குட்டிகளை நோகடிக்காத வழி ஏதாவது இருக்கும்; யோசித்துச் சொல். அதுவரை கோழிகளை நீயே பார்த்துக்கொள்.

இதை இப்போதே உன் தபால் பெட்டியில் போடுகிறேன்.

அக்கா

மேல்வீடு,
மே 10

அக்கா,

உன் கடிதத்தைக் காலை பதினொரு மணிக்கு எடுத்தேன். செத்துக் கிடந்த கோழிகளை ஐந்து மணிக்கே எடுத்துவிட்டேன். ஏழு. மீதி நாலும் உத்தரத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன, இறங்க மாட்டேன் என்கின்றன.

வனவிலங்கு அதிகாரி டன்ஹம் வந்து பார்த்தார்.

"வேலி இருந்தும் எப்படிண்ணே உள்ள வந்துச்சு?"

"சுவிட்ச் போட மறந்துட்டேன்."

"நீங்களா? கோழிய ஒண்ணொண்ணா எண்ணிட்டுப் படுக்கப் போற ஆளாச்சே!"

"வயசாகுதுல்லப்பா."

அவர் தரையில் கால்தடத்தைப் பார்த்தார். "கோழி ருசி கண்டிருச்சு, திரும்ப வரும். இன்னொரு தடவ உள்ள நுழைஞ்சா நாந்தான் சுடணும். தாய் போயிட்டா இத்துனூண்டு குட்டிங்க ரெண்டும் தாங்காதுண்ணே."

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்காதே. உன் மேல் கோபம் இருக்கிறது. ஏழு கோழிக்கு எவ்வளவு நியாயமோ அவ்வளவு. வேலியின் சுவிட்சை மறுபடி போட்டுவிட்டேன். தாய் கறியை நக்கினால் பிழைக்கும். நக்காமல் எங்காவது கீழே தோண்டி நுழைந்தால், டன்ஹம் வருவார்.

ஆரின்

கீழ்வீடு,
மே 11

தம்பி,

நீ விருந்திலிருந்து திரும்பியதும் உன் கதவைத் தட்டிச் சொல்லியிருந்தால் ஏழும் உயிரோடு இருந்திருக்கும். தட்டவில்லை. வீட்டுக்குப் போய், மேஜையில் உட்கார்ந்து, மை போதாதென்று பேனாவை மாற்றி, அழகாகக் கடிதம் எழுதினேன். மூன்று வருஷத்து வீம்பில் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். என்னை மன்னித்துவிடு.

டன்ஹமைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நாந்தான் அணைச்சேன்"னு சொன்னேன். "தெரியும்மா," என்றார். "ஒங்க தம்பிக்குப் பொய் சொல்றப்ப தொப்பியக் கழட்டிர்ற பழக்கம்."

இத்துடன் ஒரு பொட்டலம் இருக்கிறது. நானே பொரித்த பன்றிக்கறி. நீ தொங்கவிடுவது பச்சைக்கறி, அதில் வாசனை போதாது. என் ஜன்னலிலிருந்து உன் கிழக்கு மூலை நன்றாகத் தெரியும். எப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். கரடி வந்தால் தொலைபேசியில் கூப்பிடுவேன். எடு.

ஆல்தியா அக்கா

மேல்வீடு,
மே 14

அக்கா,

காலையில் நடந்தது உனக்குத் தெரியும், நீதானே சொன்னாய். இருந்தாலும் என் பக்கத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

"ஆரின், வந்திருச்சுடா. கெழக்கு மூல. தோண்டுது" என்றாய். மூன்று வருஷத்தில் நீ என்னிடம் வாயால் சொன்ன முதல் வார்த்தைகள். ஒரு கையில் ரிசீவர், மறு கையில் டன்ஹமின் எண் எழுதிய தாள். கீழ்க்கம்பிக்கு அடியில் மண் பறந்துகொண்டிருந்தது.

அப்போது தாய்க்கரடி தலையைத் தூக்கி முகர்ந்தது. எழுந்து, நான் கம்பியில் கட்டியிருந்த நீ பொரித்த துண்டிடம் போய், நாக்கை நீட்டியது.

அவ்வளவு பெரிய உருவம் நாலு காலும் தரையில் படாமல் எழும்பியதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. விழுந்தடித்து மேட்டில் ஏறியது. குட்டிகள் இரண்டும் பின்னாலேயே. மூன்றும் காட்டுக்குள் போகும்வரை பார்த்தேன். தாளைக் கசக்கிப் போட்டேன்.

நீ ரிசீவரை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. நீ அழுகிறாயா சிரிக்கிறாயா என்று தெரியாமல் கேட்டுக்கொண்டே நின்றேன். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடிதத்தில் முடியாது.

பள்ளம் நிரப்பியதும் வருகிறேன். பயந்த கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டன, அதனால் வெறுங்கைதான். பதில் எழுத வேண்டாம். கதவைத் திற.

ஆரின்