அடுப்புக்கு வைத்த கிருஷ்ணாயில்

ஆவணி, செவ்வாய்க்கிழமை, இரவு

நாளை நாராயணவனத்தில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் எங்கள் பழைய காரைத்தான் வாடகைக்குச் சொல்லியிருந்தார்கள். ஊரெல்லாம் புதுப்புதுக் கார்கள் வந்த பிறகு எங்களை யார் தேடுகிறார்கள்? கிடைத்த ஒரு வாடகையும் கெட்டுவிடக் கூடாதென்று என் வீட்டுக்காரர் காலையிலேயே கார்புரேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். பிசுக்கைக் கழுவ வழக்கம்போல ரேஷன் கிருஷ்ணாயில் கேட்டார்.

"அடுப்புக்கே அதான் இருக்குது. வேற எதுலயாச்சும் கழுவிக்கினா இன்னா?" என்றேன்.

பெயின்ட் கடையில் தின்னர் வாங்கி வந்தார். அவசரத்தில் ரப்பர் வாஷரைக்கூடப் பிரிக்காமல், என் சோற்றுக் குண்டானில் அப்படியே ஊறப்போட்டார். பிசுக்கு போனது வாஸ்தவம். ஆனால் ரப்பர் ஊறிய வடைபோல உப்பிவிட்டது. திரும்ப மாட்டினால் பெட்ரோல் ஒழுகுகிறது. அந்த ரப்பர் திருப்பதி போனால்தான் கிடைக்குமாம்.

"பேருலயே தின்னர்னு இருக்குதே நைனா, துன்னாம வுடுமா?" என்று மகள் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "உங்கம்மா கிருஷ்ணாயில் குடுத்திருந்தா இப்டி ஆயிருக்குமா?" என்றார்.

சாயங்காலம் கல்யாண வீட்டார் வேறு வண்டி பேசிவிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்தவர், நேரே அடுப்படிக்குப் போய்க் கிருஷ்ணாயில் பாட்டிலை எடுத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றித் தன் கைக்கறையைக் கழுவிக்கொண்டார்.

அடுப்பு எரியவில்லை. குண்டான் இன்னும் நாறுகிறது. மகள் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள். இன்று இந்த வீட்டில் வயிறாரத் தின்றது அந்தத் தின்னர் ஒன்றுதான்.