எட்டுப் போட மறுத்தவனுக்கு

கருகிய பிளாஸ்டிக் நாற்றம் என் ரிப்பேர் கடை முழுவதும் நிற்கிறது. மின்விசிறியை முழு வேகத்தில் விட்டுப் பார்த்தேன், கதவை அகலத் திறந்து வைத்தேன், போகவில்லை. பங்களா மேனேஜர் காலையில் உன் ரயில் எஞ்சினை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "மேக்க ஆயெத் பிச்சிலா, பாஸ்" என்றான். மறுபடியும் எரிந்துவிட்டதாம். டின்னைத் திறந்தால் புகைக்குழாய் உருகி, குடித்தவன் தலை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது.

செத்தும் கொடுத்தவருக்குப் பழமொழி இருக்கிறது. செத்தும் கெடுக்கிறவனுக்கு நான்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது, மச்சான். இதற்குப் பதில் வராது என்பது ஒரு வசதி. உயிரோடு இருந்தவரை ஒரு வார்த்தையை முழுதாகச் சொல்லி முடிக்க நீ என்னை விட்டதே இல்லை. ஆனால் எஞ்சினுக்காக மட்டும் நான் எழுத உட்காரவில்லை. என் தங்கச்சிக்கு, அதாவது நீ தாலி கட்டிவிட்டு நடுவழியில் விட்டுப்போன உன் பெண்சாதிக்கு, கழுத்துக் கட்டியை அறுத்து எடுக்க இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தேதியைப் பார்த்ததிலிருந்து எனக்கு உன்மேல் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் எஞ்சின் கதையை முடிக்கிறேன். தோட்டத்துப் பழைய துரை பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றியபோது, யாரோ ஒரு ஜெர்மன்காரர் விட்டுப்போன பொம்மை ரயிலைச் சாப்பாட்டு அறையைச் சுற்றி ஓடவிட வேண்டும் என்று மேனேஜருக்கு ஆசை வந்தது. நம் ஊர் குருவிட்டயில் நிஜ ரயில் ஓடிய தண்டவாளத்தை எப்போதோ பிடுங்கி எடுத்தாயிற்று. நமக்கு நிற்க இடமில்லாத பஸ். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் சோற்றுத் தட்டைச் சுற்றி ரயில். நான் அப்போதே காறித் துப்பினேன். நீயோ பல்லை இளித்துக்கொண்டு, "நான் பாத்துக்கிறேன் சேர்" என்று தலையாட்டிவிட்டு வந்தாய். தேயிலை பெக்டரியில் எலெக்ட்ரீஷியன் வேலை, பங்களாவில் ரயில் வேலை. உனக்கு நினைப்பு பெரிய ஸ்டேஷன் மாஸ்டர் என்று.

அந்த எஞ்சினின் வயிற்றில் நகத்தளவு ஒரு பலகை இருக்கிறது, டிகோடர். கையிலிருக்கும் கன்ட்ரோலரில் எந்தப் பொத்தானை அமுக்கினால் எஞ்சினில் எது வேலை செய்ய வேண்டும் என்பதை அந்தப் பலகைக்குள் எழுதி வைக்க வேண்டும். லயத்து வீட்டுக் காம்பிராக்களுக்கு நம்பர் போட்டிருப்பதுபோல உள்ளே வரிசையாக நம்பர் போட்ட அறைகள். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் அறை. அந்த அறைக்குள் ஓர் எண்ணைப் போட்டால் அந்தக் கம்பிக்கு மின்சாரம் போகும். முன் விளக்குக்கு ஒன்று, பின் விளக்குக்கு இரண்டு, அடுப்பின் சிவப்பு வெளிச்சத்துக்கு நான்கு, புகைக்கு எட்டு. இரண்டு கம்பி சேர்ந்து வேலை செய்ய வேண்டுமானால் இரண்டு எண்ணையும் கூட்டிப் போடவேண்டும். அவ்வளவுதான் வித்தை. ஃபோனில் வீடியோ பார்த்து ஒரே மத்தியானத்தில் நீ கற்றுக்கொண்டாய். அதை மறுக்க மாட்டேன், உன் கைக்கு நல்ல வேலை தெரியும். தலைக்குத்தான் ஒன்றும் தெரியாது.

என் கடை மேசையில் ஒரு முழத் தண்டவாளம் போட்டு, எஞ்சினை அதில் நிறுத்தி நீ எண்களைப் போட்டுக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் யாருடைய டீவியையோ கழற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பொத்தானுக்குப் புகை. அதற்கான அறை முப்பத்தாறு. "மூணும் ஆறும் ஒம்பது. நல்ல ரூம்" என்றாய். சரி, பைத்தியம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாய்.

"என்னடா?"

"எட்டுப் போடணுமாம் மச்சான்."

"போடு."

"எட்ட மட்டும் போடச் சொல்லாத. வேற என்னன்னாலும் சொல்லு."

"டேய், அது சனியோட நம்பர் இல்ல, கம்பியோட நம்பர்."

"ஒனக்கு வெளங்காது. அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்."

பெரிய அனுபவம்! மாணிக்கக் குழியில் பங்கு போட்டாய், சேறுதான் வந்தது. குழிக்குப் பங்கு போட்ட பாதிப் பேருக்குச் சேறுதான் வரும். நீ மட்டும் இரத்தினபுரிக்கு ஓடி ஒரு ஜோசியர் முன்னால் கையை நீட்டினாய். அந்த மனுஷன் உனக்கு ஏராஷ்டகய நடக்கிறது என்று சிங்களத்தில் சொல்ல, ஏழரைச் சனிக்குச் சிங்களத்தில் இன்னும் பலம் அதிகம் என்று நீ முடிவு கட்டினாய். அன்றோடு எட்டு உனக்கு எதிரி. எட்டு வந்தால் தப்பு, கூட்டினால் எட்டாகிற பதினேழு வந்தால் தப்பு, இருபத்தாறு வந்தால் தப்பு. எட்டு நம்பர் பஸ் சீட்டில் உட்காராமல் கிழவிகளோடு இடித்துக்கொண்டு நின்று வந்தவன் நீ. முதல் பொத்தானின் அறை முப்பத்தைந்து என்பதற்காக அதைத் தொடவே மறுத்தாய். நல்ல வேளை, அதைக் கம்பெனியிலேயே சரியாக எழுதி அனுப்பியிருந்தான், அடுப்பு வெளிச்சமாவது பிழைத்தது.

ஒரு தடவை நீ எதையோ மாற்றி எழுதி எஞ்சின் ஊமையாகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துப் பழையபடி ஆக்க ஒரு குறுக்கு வழி உண்டு. எட்டாம் அறையில் எட்டுப் போட்டால் போதும். அதை நான் சொன்னபோது உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே. "எட்டுலயே எட்டா? என்னைய ஒரேயடியா அனுப்பிடலாம்னு பாக்குறியா?" என்று எழுந்தே விட்டாய். பிறகு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஒவ்வோர் அறையாகக் கையால் எழுதினாய். என் கடையில், என் கரண்டில்.

புகைக்கு நீ கண்டுபிடித்த வழியைச் சொன்னால் சிரிப்பார்கள். எட்டோடு முன் விளக்கின் ஒன்றைக் கூட்டி ஒன்பதாகப் போட்டாய். "ஒண்ணச் சேத்தா ஒம்பது. செவ்வா. தைரியம்" என்று மார்பைத் தட்டினாய். புகைப் பொத்தானை அமுக்கினால் புகையும் வந்தது, முன் விளக்கும் சேர்ந்து எரிந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. உன் தங்கமான மூளையை நீயே மெச்சிக்கொண்டாய்.

பங்களாப் பையன்களுக்கு இது தெரியுமா? ரயில் நின்றபின் விளக்குப் பொத்தானை அமுக்கி அணைக்கப் பார்ப்பார்கள். விளக்கு அணையாது, ஏனென்றால் அது புகைப் பொத்தானில் தொங்கிக்கொண்டிருக்கிறது. விளக்குதானே, எரியட்டும் என்று விட்டுவிடுவார்கள். உள்ளே புகை எண்ணெய் தீர்ந்து, சூடாக்கும் கம்பி வெறுமனே காய்ந்து, குழாயை உருக்கும். அப்படித்தான் முதல் தடவை எரிந்தது. "பாத்தியா, எட்டு எப்புடியோ உள்ள வந்துருச்சு" என்றாயே, அன்றைக்கு உன்னை அறைந்திருந்தால் ஒரு புண்ணியமாவது கிடைத்திருக்கும். குழாயை மாற்றினாய். ஒன்பதை மாற்றவில்லை.

இதெல்லாம் பொம்மை. உருகினால் இன்னொரு குழாய். இதற்காக நான் உன்னைத் திட்டிக்கொண்டிருக்க மாட்டேன். பொம்மை விளையாட்டை உன் நெஞ்சுக்குள்ளும் கொண்டுபோனாயே, அதற்குத்தான் திட்டுகிறேன்.

இரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, நெஞ்சைத் திறந்துதான் ஆக வேண்டும் என்று கொழும்பில் டாக்டர் சொன்னார். தேதியும் கொடுத்தார்கள். பதினேழு. அந்தத் தேதிக்கு எத்தனை பேர் காத்துக் கிடக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். தங்கச்சி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து உன் சாரத்தையும் துவாயையும் பையில் எடுத்து வைத்தாள். நீ தனியாகப் பஸ் ஏறிப் போய், நர்ஸ் மிஸ்ஸைக் கெஞ்சி, தேதியை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தாய். நேராக என் கடைக்குத்தான் வந்தாய், பரிசு வாங்கியவன் மாதிரி.

"பத்தொன்பதுக்கு மாத்திட்டேன் மச்சான். ஒண்ணும் ஒம்பதும் பத்து. பத்துன்னா ஒண்ணு. சூரியன்."

"எந்த மாசம்?"

"அடுத்த மாசம்."

"அது வரைக்கும் நெஞ்சு தாங்குமாடா?"

"எட்டுல தொறந்தா மட்டும் தாங்குமா?"

நான் கத்தினேன். கடைக்கு வந்திருந்த சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த தங்கச்சி அழுதாள். "அண்ணே, நீங்க சொன்னா கேப்பாரு, நீங்க சொல்லுங்க" என்றாள். என்ன சொல்ல? டிகோடருக்கே நீ கேட்கவில்லை. நீ ஜம்மென்று பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டு, "ரெண்டு பேரும் சும்மா பயப்படுறீங்க" என்றாய். பயந்தவன் யார்? வெட்கங்கெட்டவனே, ஒரு நம்பரைக் கண்டு ஓடியவன் யார்?

பதினேழு வந்தது, போனது. அன்றைக்கு நீ நல்ல வெயிலில் பெக்டரிக்கு நடந்து போனாய், என்னைப் பார்த்துக் கையாட்டியபடி. இருபத்துநாலாம் தேதி காலையில் கொழுந்து மடுவக் கொட்டகைப் பக்கம் சரிந்தாய். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள்தான் தூக்கினார்கள். கொழுந்து லொறியில் சாக்குகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டு ஓடினோம். உன் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்பே முடிந்துவிட்டது. இரண்டும் நாலும் ஆறு. சுக்கிரன். சுகமும் செல்வமும் தருகிற நம்பர் என்று நீதான் சொல்வாய். நல்ல நாள் பார்த்துத்தான் செத்தாய், போ.

எட்டாம் நாள் உனக்குப் படைத்தோம். வாழையிலை போட்டு, உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்து. வாழும்போது எட்டைத் தொடாதவன் அந்தச் சோற்றை எப்படித் தொட்டாய் என்று இலையைப் பார்த்துக் கேட்டேன். எல்லாரும் இருந்தார்கள். எனக்கு வெட்கமில்லை. தங்கச்சி மட்டும் என் கையைப் பிடித்து, "போதும்ணே" என்றாள்.

இன்றைக்கு எஞ்சினைக் கழுவித் துடைத்து, புதுக் குழாய் ஒட்டி, தண்டவாளத்தில் வைத்தேன். முப்பத்தாறாம் அறையைத் திறந்து ஒன்பதை எடுத்துவிட்டு எட்டுப் போட்டேன். போட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தேன். தகரம் பெயர்ந்து விழவில்லை. பொத்தானை அமுக்கினேன், புகை தனியாக வந்தது. அணைத்தேன், நின்றது. விளக்கு தனியாக எரிந்தது, தனியாக அணைந்தது. ஒரு நிமிஷ வேலை, மச்சான். ஒரு நிமிஷம். இதைப் போய்...

நேற்றுத்தான் தங்கச்சியோடு இரத்தினபுரி கிளினிக்குக்குப் போனேன். மிஸ் அட்டையில் தேதியை எழுதி என் கையில் கொடுத்தார். இருபத்தாறு. எந்த வார்டு, எத்தனை மணி, காலையில் என்ன சாப்பிடக் கூடாது, எதையும் நான் இன்னும் படித்திருக்கவில்லை. அதற்குள் என் தலைக்குள் இரண்டும் ஆறும் கூட்டியாகிவிட்டது. எனக்கு! உன்னை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவனுக்கு! அட்டையைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு வெறி வந்தது.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது தங்கச்சி அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"எட்டு வருது, இல்லண்ணே?"

"ஆமா."

"நீங்களும் கூட்டிப் பாத்தீங்களா?"

நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். அவள் அட்டையை மடித்து இரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நம்ம போறோம்ணே. அவரு மாதிரி நான் வீட்டுல கெடந்து சாக மாட்டேன்" என்றாள். குரல் நடுங்கியது. ஆனால் சொன்னாள். எட்டாங்கிளாஸ் தாண்டாதவள், உன்னைவிடத் தைரியசாலி. இல்லை, பயம் அவளுக்கும் இருக்கிறது. பயத்தை வைத்துக்கொண்டே போகிறாள்.

வீடு வந்து சேரும்வரை நான் பஸ் நம்பரைக் கூட்டினேன். டிக்கெட் நம்பரைக் கூட்டினேன். முன்னால் போன ஓட்டோவின் நம்பரைக் கூட்டினேன். நிறுத்த முடியவில்லை. நீ எனக்கு விட்டுப்போன சொத்து இது ஒன்றுதான். எங்கே எண்ணைக் கண்டாலும் கூட்டுகிறேன், கூட்டிவிட்டு உன்னைத் திட்டுகிறேன். சாகும்வரை இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இருபத்தாறாம் தேதி அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகும்போது கையைப் பிடித்துக்கொண்டு கதவுவரை நான் போவேன். கதவைச் சாத்துவார்கள். வெளியே புருஷன்மார் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒரு நாற்காலி பார்த்து உட்காருவேன். யாராவது, "சம்சாரமா?" என்று கேட்பார்கள். தங்கச்சி என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை எங்கே என்று அடுத்ததாகக் கேட்பார்கள். அதற்கு என்ன சொல்லட்டும், மச்சான்? அந்த நாற்காலி உன்னுடையதுடா.